எண்ணெய்க் கசிவும் பறவைக் கணக்கும்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டுள்ளது.)



"மாதம் ஒரு உறுப்பினர், தெரிந்த ஒரு விஷயம்" என்ற வரிசையில் இதுவரை சர்க்கரை நோய், மாடித்தோட்டம், உயில் எழுதுவது என்று பலவற்றைக் கேட்டுவிட்டீர்கள். இந்த முறை செயலாளர் என்னை அழைத்து, "டெபாசிட் வட்டி பற்றிப் பேசுங்களேன் சார்" என்றார். வட்டி இருக்கிற இருப்பில் அதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அதனால் வேறு ஒரு தலைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் விலங்கியல் படித்தவன் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணி ஓய்வுக்குப் பிறகு காலை நடையின்போது ஏரிக்கரையில் பறவைகளைப் பார்க்கும் பழக்கம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். உடம்பெல்லாம் கறுப்பு படிந்த கூழைக்கடாக்களின் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்தோம். எல்லோரும் வருத்தப்பட்டோம். எனக்கு வருத்தத்தோடு ஒரு கணக்குக் கேள்வியும் வந்தது. இந்த எண்ணெயால் மொத்தம் எத்தனை பறவைகள் பாதிக்கப்பட்டன என்பதை யார், எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

எண்ணெய் பறவையை என்ன செய்கிறது?

முதலில் சுருக்கமாக இதைச் சொல்லிவிடுகிறேன். பறவையின் இறகு பார்க்க ஒரே தகடு போல இருந்தாலும், அது ஆயிரக்கணக்கான நுண்ணிழைகளால் ஆனது. ஒவ்வொரு இழையும் அடுத்த இழையைக் கொக்கி போலப் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் உள்ளே போகாது. உடம்புச் சூடு வெளியே போகாது. எண்ணெய் பட்டதும் இந்தக் கொக்கிகள் பிரிந்து இறகு சேறாகிவிடும். குளிர்ந்த நீர் நேரே தோலைத் தொடும். பறவை விறைத்துப்போகும், மிதக்க முடியாது, பறக்கவும் முடியாது.

அடுத்தது இன்னும் கொடுமை. உடம்பில் அழுக்குப் பட்டால் அலகால் கோதிச் சுத்தம் செய்வது பறவையின் இயல்பு. கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகிறது. குடலும் ஈரலும் சிறுநீரகமும் கெடுகின்றன. ரத்த அணுக்கள் உடைந்து சோகை வருகிறது. உயிர் பிழைத்த தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பி அடைகாத்தால், வயிற்று இறகில் ஒட்டியிருக்கும் எண்ணெயில் ஒரு சிறு துளி முட்டை ஓட்டில் பட்டாலே உள்ளே இருக்கும் கரு இறந்துவிடலாம்.

ஆக, சேதம் மூன்று வகை. உடனே இறப்பவை, மெல்ல இறப்பவை, பிறக்காமலே போகிறவை. இவற்றில் கண்ணுக்குத் தெரிவது முதல் வகை மட்டுமே. அதையாவது சரியாக எண்ண முடியுமா என்று பார்ப்போம்.

அலாஸ்காவில் எண்ணிய கதை

1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டு என்ற கடற்பகுதியில் பாறையில் மோதியது. சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையெங்கும் எண்ணெய் படிந்தது. எண்ணெய்க் கசிவால் பறவைகளுக்கு நேர்ந்ததை உலகில் மிக விரிவாக ஆராய்ந்த நிகழ்வுகளில் இது முக்கியமானது.

கரையில் பொறுக்கி எடுத்த பறவை உடல்கள் 35,000-க்கும் மேல். அப்படியானால் இறந்தவை 35,000 என்று எழுதிவிடலாமா? கூடாது. நடுக்கடலில் இறந்த பறவைகளில் பல மூழ்கிவிடும். சில காற்றும் நீரோட்டமும் இழுத்துக் கரைக்கு எதிர்த்திசையில் போய்விடும். கரையொதுங்கியவற்றை நரியும் கழுகும் காகமும் தின்றுவிடும், அலை மறுபடியும் இழுத்துப்போகும், மணல் மூடும். மிச்சம் இருப்பவற்றிலும் தேடுபவர் கண்ணில் படுவது ஒரு பகுதிதான்.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனை எண் சொல்கிறேன். கரையில் 10 உடல்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்ததில் நூற்றுக்கு 40 கரை ஒதுங்கும், ஒதுங்கியதில் பாதி தின்னப்படாமல் மிஞ்சும், மிஞ்சியதில் பாதி நம் கண்ணில் படும் என்றால், உண்மையில் இறந்தவை 100. அதே கணக்கில் 40-க்குப் பதில் 50 ஒதுங்கும், பாதிக்குப் பதில் 60 சதவீதம் மிஞ்சும், 70 சதவீதம் கண்ணில் படும் என்று மாற்றிப் பாருங்கள். இறந்தவை 48 ஆகிவிடும். கிடைத்த உடல்கள் அதே பத்துதான். ஊகத்தைச் சற்று நகர்த்தியதில் விடை பாதியாகிவிட்டது.

அதனால் இந்தச் சதவீதங்களை மனம்போல வைக்காமல் அளந்து பார்க்க முயல்கிறார்கள். பறவை உடல்களில் அடையாளம் அல்லது ரேடியோ கருவி கட்டிக் கடலில் விட்டு, எத்தனை கரைக்கு வருகின்றன என்று பார்க்கிறார்கள். கரையில் தெரிந்த இடத்தில் சில உடல்களை வைத்துவிட்டுத் தினமும் போய், எத்தனை நாள் இருக்கின்றன என்று குறிக்கிறார்கள். ஒரு குழு தேடிய இடத்தில் இன்னொரு குழுவை அனுப்பி, முதல் குழு விட்டுவிட்டது எவ்வளவு என்று பார்க்கிறார்கள். வங்கியில் ஒருவர் எண்ணிய நோட்டுக் கட்டை இன்னொருவர் எண்ணுவது போலத்தான்.

இவ்வளவு செய்தும் அலாஸ்காவில் ஒரே விடை வரவில்லை. 1 லட்சம் முதல் 3 லட்சம் வரை என்றது ஒரு கணிப்பு. 3,75,000 முதல் 4,35,000 வரை என்றது மற்றொன்று. பின்னர் பரவலாக எடுத்துக்கொள்ளப்பட்ட எண் சுமார் 2,50,000. கிடைத்த உடல்களைப் போல ஏழு மடங்கு.

கழிக்கவும் வேண்டும்

கூட்டுவது மட்டும் நேர்மை அல்ல, கழிப்பதும் நேர்மைதான். எண்ணெய் கொட்டாத ஆண்டிலும் பறவைகள் இறக்கின்றன. பசி, புயல், முதுமை என்று எத்தனையோ காரணங்கள். கசிவு நடந்த பிறகு கடற்கரையில் திடீரென்று நூற்றுக்கணக்கானவர் தேடத் தொடங்குகிறார்கள். வழக்கமாக யாரும் பார்க்காமல் அழுகிப்போகும் உடல்களும் அப்போது கணக்கில் ஏறிவிடும். வேறு காரணத்தால் இறந்த பறவை மேல் பிறகு எண்ணெய் ஒட்டியிருக்கவும் கூடும். அலாஸ்காவில் 1989 ஆகஸ்டுக்குப் பின் கிடைத்த உடல்களில் பெரும்பாலானவை இயற்கையாக இறந்தவை என்று ஆய்வாளர்களே பிரித்து வைத்தார்கள். இப்படிப் பிரிக்க வேண்டுமானால், சாதாரண ஆண்டில் அந்தக் கரையில் எத்தனை உடல்கள் ஒதுங்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம்.

தொடக்க இருப்பு எங்கே?

எந்தப் பேரேட்டை எடுத்தாலும் முதல் வரி தொடக்க இருப்புதான். அது இல்லாமல் பற்று மட்டும் எழுதிக்கொண்டே போனால், கடைசியில் கணக்கில் என்ன மிஞ்சியது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் பிஜன் கில்லமாட் என்றொரு கடற்பறவை உண்டு. கறுப்பு உடம்பு, வெள்ளை இறக்கைத் திட்டு, சிவந்த கால். 1990-களில் அவற்றை எண்ணியபோது, 1970-களில் சுமார் 15,000 ஆக இருந்தவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. பழைய கணக்கு மட்டும் இல்லாமல் போயிருந்தால் இந்தச் சரிவே யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இரண்டு கணக்குகளை மட்டும் ஒப்பிட்டு, இவ்வளவும் எண்ணெயால்தான் என்று சொல்வதும் தவறு. கப்பல் மோதுவதற்கு முன்பே அவை குறையத் தொடங்கிவிட்டன என்பதை இடையில் எடுத்த கணக்குகள் காட்டின. 1970-களின் பிற்பகுதியில் அந்தக் கடலின் தன்மை மாறி, கொழுப்பு மிகுந்த சிறு மீன்கள் குறைந்தன. சில தீவுகளில் மிங்க் என்ற கீரி போன்ற விலங்கு முட்டையையும் குஞ்சையும் தின்றது. எண்ணெயும் கொன்றது. மூன்றுக்கும் தனித்தனியாகப் பங்கு பிரிக்க வேண்டியிருந்தது.

பங்கு பிரிக்க இன்னொரு நல்ல வழி ஸ்பெயினில் பயன்பட்டது. 2002 நவம்பரில் பிரெஸ்டீஜ் என்ற கப்பல் ஸ்பெயினின் கலீசியா கடற்கரைக்கு அப்பால் உடைந்து மூழ்கியது. அந்தக் கரையில் ஷாக் என்ற ஒரு வகை நீர்க்காகம் பாறைகளில் கூட்டமாகக் கூடு கட்டும். எந்தக் கூட்டத்தில் எத்தனை குஞ்சு பொரித்தன என்ற குறிப்புகள் கசிவுக்கு முன்பிருந்தே இருந்தன. கசிவுக்குப் பிறகு சில கூட்டங்களின் பகுதியில் எண்ணெய் படிந்தது. சிலவற்றின் பக்கம் படியவில்லை. ஆய்வாளர்கள் இரண்டையும் முன், பின் என்று ஒப்பிட்டார்கள். கசிவுக்கு முன் இரு பக்கமும் ஒரே மாதிரி குஞ்சு பொரித்தன. கசிவுக்குப் பின் எண்ணெய் பட்ட பக்கத்தில் இனப்பெருக்க வெற்றி 45 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த வித்தியாசம் பத்தாண்டுகள் நீடித்தது.

இதன் அழகைக் கவனியுங்கள். மீன் குறைந்தது, புயல் வந்தது, வெயில் கூடியது என்று எந்தக் காரணம் சொன்னாலும் அது இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத்தான் இருந்திருக்கும். எண்ணெய் மட்டுமே ஒரு பக்கத்தில் இருந்தது. ஆகவே வித்தியாசத்துக்குப் பொறுப்பு யாருடையது என்பதில் மழுப்ப இடம் குறைவு. பாதிக்கப்படாத இடத்தின் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதும் இதில் தெரிகிறது.

அசலும் வட்டியும்

இறந்தவற்றின் எண்ணிக்கை கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. எந்தப் பறவை இறந்தது என்பதும் முக்கியம். அலாஸ்காவில் கிடைத்த உடல்களில் நான்கில் மூன்று பங்கு மர் என்ற இனத்தைச் சேர்ந்தவை. மர் பல ஆண்டு உயிர் வாழும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், அதுவும் பிறந்து பல ஆண்டுகள் கழித்தே தொடங்கும். இப்படிப்பட்ட இனத்தில் ஓர் ஆண்டின் குஞ்சுகள் போனால் அது வட்டி போன மாதிரி. முட்டையிடும் வயதுப் பறவைகள் போனால் அசலே போன மாதிரி. வருடத்துக்கு ஆறு ஏழு குஞ்சு பொரிக்கும் வேறொரு இனத்தில் அதே அளவு இறந்தாலும் விரைவில் ஈடுகட்டிக்கொள்ளும்.

அப்படியிருந்தும் மர் பறவைகள் மீண்டுவிட்டன என்று 2002-இல் அறிவிக்கப்பட்டது. வெண்தலைக் கழுகுகள் அதற்கும் முன்பே, 1996-இல் மீண்டவை பட்டியலில் சேர்ந்தன. நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும் அல்லவா?

ஹார்லிக்வின் வாத்தின் கதை வேறு. அது குளிர்காலத்தில் பாறைக் கரையை ஒட்டி நத்தை, சிப்பி போன்றவற்றைத் தின்று வாழும். ஆண்டுதோறும் அதே கரைக்கு வரும். மேலே பார்த்தால் கரை சுத்தமாகிவிட்டது. ஆனால் கூழாங்கற்களுக்கு அடியில் எண்ணெய் தங்கிவிட்டது. எண்ணெயை முறிக்க ஈரல் உண்டாக்கும் ஒரு நொதி அந்த வாத்துகளில் இயல்பை விட அதிகமாக இருந்ததை 20 ஆண்டுகளுக்குப் பிறகும் கண்டார்கள். ஒரு கணிப்பின்படி, அதன் பின் வந்த ஆண்டுகளில் மெல்ல இறந்த ஹார்லிக்வின் வாத்துகளின் எண்ணிக்கை, விபத்தின்போது உடனே இறந்தவற்றின் எண்ணிக்கையையும் மிஞ்சியிருக்கலாம். அந்த இனம் மீண்டதாக அறிவிக்கப்பட்டது 2014-இல்தான். அதாவது 25 ஆண்டுகள். முதல் ஆண்டோடு கணக்கை மூடியிருந்தால் இந்தப் பற்று எந்தப் பக்கத்திலும் ஏறியிருக்காது.

கணக்கைப் பொறுத்தே இழப்பீடு

இவ்வளவு துல்லியம் எதற்கு, பறவைகள் இறந்தன என்றால் போதாதா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எக்ஸான் வால்டெஸ் விபத்துக்குப் பிறகு 1990-இல் அமெரிக்கா எண்ணெய் மாசு பற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தது. எண்ணெயைக் கொட்டியவர் அதை அள்ளினால் மட்டும் போதாது. இயற்கைக்கு நேர்ந்த இழப்பை அளந்து, அதை மீட்க ஆகும் செலவையும் தர வேண்டும். அளந்தால்தான் பணம். அளக்க முடியாத இழப்பு, சட்டத்தின் முன் நிரூபிக்க முடியாத இழப்பு.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் பீறிட்டது. அரசுத் தரப்பு மதிப்பீட்டில் இறந்த பறவைகள் சுமார் 56,000 முதல் 1,02,000 வரை. வேறொரு ஆய்வாளர் குழு 2014-இல் வெளியிட்ட கணிப்பில், கடலோரத்தில் மட்டும் ஒரு முறையில் 6 லட்சம், மற்றொரு முறையில் 8 லட்சம். அந்த நிறுவனம் இந்தக் கணிப்பின் முறையையே ஏற்கவில்லை. அரசுத் தரப்போ, தங்கள் எண் முழு இழப்பை விடக் குறைவானது, அளக்க முடியாத பல இழப்புகள் அதில் சேரவில்லை என்று அறிக்கையிலேயே எழுதியது.

ஒரே நிகழ்வு, ஒரு கணக்குக்கும் இன்னொரு கணக்குக்கும் இடையே பல மடங்கு. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எத்தனை உடல்கள் ஒதுங்கும், எத்தனை மிஞ்சும், எந்தப் பறவைகள் கணக்கில் சேரும் என்ற ஊகங்கள்தான் வேறு. முன்கூட்டிய தரவு எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு ஊகத்தின் பங்கு கூடும். ஊகம் கூடக்கூட, வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இடம் கிடைக்கும். 2016-இல் முடிவான உடன்பாட்டில் இயற்கை வள இழப்புக்கு மட்டும் அந்த நிறுவனம் 880 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. அந்தத் தொகையின் பின்னால் ஆண்டுக்கணக்கில் எண்ணிய மனிதர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம்

எண்ணூர் கடற்கரைக்கு இது முதல் அனுபவம் அல்ல. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் பெரிய கசிவு இல்லை என்றார்கள். பிறகு பார்த்தால் கரையெல்லாம் தார் போன்ற கசடு. தன்னார்வலர்களும் மாணவர்களும் வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள்.

2023 டிசம்பரில் எண்ணெய் கடலிலிருந்து கரைக்கு வரவில்லை. நிலத்திலிருந்து கழிமுகத்துக்கு வந்தது. மீனவர்களின் வலை, படகு, வீட்டுச் சுவர், அலையாத்தி மரங்கள் எல்லாவற்றிலும் படிந்தது. மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அவர்கள் பட்ட பாட்டுக்கு அது போதுமா என்பது தனி விவாதம். ஆனால் இத்தனை குடும்பம், இத்தனை படகு என்று எண்ண அங்கே பதிவு இருந்தது. கூழைக்கடாவுக்கு ரேஷன் அட்டையும் இல்லை, படகு எண்ணும் இல்லை. அதன் சார்பில் சொல்ல நம்மிடம் இருக்கக்கூடிய ஒரே ஆவணம், முன்பு யாராவது எண்ணி எழுதி வைத்த குறிப்புதான்.

இன்னொன்று. இறக்கையில் பாதி எண்ணெய் பட்ட கூழைக்கடா அங்கேயே உட்கார்ந்திருக்காது. பறக்க முடிகிற வரை பறக்கும். இரை தேடி ஏரிக்கு ஏரி போவது அதன் வழக்கம். எண்ணூரில் எண்ணெய் பட்டது, நம் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் வந்து இறங்கலாம். ஆகவே எண்ணூரின் கணக்கில் நம் ஏரிக்கும் ஒரு பக்கம் உண்டு. ஸ்பெயின் கதையில் எண்ணெய் படாத பாறைகள் செய்த வேலையை நம் ஏரியும் செய்யலாம். அங்கே குறைந்து இங்கே குறையாமல் இருந்தால், அதுவே ஒரு சாட்சி.

நாம் செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நான்கு நாள் "பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு" நடக்கிறது. யாரும் கலந்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. பழவேற்காடு, பள்ளிக்கரணை போன்ற பெயர் பெற்ற இடங்களுக்குப் பலர் போகிறார்கள். நம் ஏரிக்கு நாம்தான் போக வேண்டும்.

முறை எளிது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதும் கேட்டதுமான பறவைகளை இனவாரியாக எண்ணி, இ-பேர்டு என்ற செயலியில் பதிய வேண்டும். பேரப்பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். சில விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள்.

முதலாவது, ஒவ்வொரு முறையும் அதே இடம், ஏறத்தாழ அதே நேரம். இன்று கிழக்குக் கரை, நாளை மேற்குக் கரை என்றால் ஒப்பிட முடியாது.

இரண்டாவது, எதுவும் இல்லாத நாளையும் பதிவு செய்யுங்கள். "இன்று ஒரு கூழைக்கடா கூட இல்லை" என்பதும் தரவுதான்.

மூன்றாவது, தெரியாத பறவைக்குப் பெயர் கற்பிக்க வேண்டாம். "ஏதோ ஒரு உள்ளான்" என்று எழுதினால் போதும். வங்கியில் எந்தக் கணக்கு என்று புரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போமே தவிர, யாரோ ஒருவர் கணக்கில் வரவு வைக்க மாட்டோம்.

நான்காவது, எண்ணெய் படிந்த பறவையைக் கண்டால் பிடிக்கவோ துரத்தவோ குளிப்பாட்டவோ வேண்டாம். துரத்தினால் அதற்கு மிச்சமிருக்கும் சக்தியும் போய்விடும். அலகால் நமக்கும் காயம் வரலாம். தூரத்திலிருந்து படம் எடுத்து, இடம், நேரம், எண்ணிக்கை குறித்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். இறந்து கிடந்தாலும் அப்படியே.

கூட்டத்தில் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகள்

சி பிளாக் மாமி கேட்டார்: "எண்ணெய் பட்ட பறவையைக் கழுவிவிட்டால் பிழைக்காதா?"

பிழைக்கும், முறையாகச் செய்தால். 2000 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் அருகே ட்ரெஷர் என்ற கப்பல் மூழ்கியபோது எண்ணெய் பட்ட சுமார் 19,000 பென்குவின்களைப் பிடித்துக் கழுவினார்கள். அவற்றில் பெரும்பாலானவை கடலுக்குத் திரும்பின. இன்னும் சுமார் 19,500 பென்குவின்களை, எண்ணெய் படுவதற்கு முன்பே பிடித்து, பல நூறு கிலோமீட்டர் தள்ளி போர்ட் எலிசபெத் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அவை நீந்தித் தம் ஊருக்கு வருவதற்குள் எண்ணெயை அள்ளிவிட்டார்கள். ஆனால் பென்குவின் பறக்காது, குளிர் தாங்கும், பிடிப்பது எளிது. எல்லாப் பறவைக்கும் இது நடக்காது. கழுவி விட்டவை பிறகு எப்படி வாழ்ந்தன, எத்தனை குஞ்சு பொரித்தன என்று தெரிந்ததற்கும் காரணம், அவற்றுக்கு அடையாள வளையம் மாட்டி ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்ததுதான். அங்கேயும் கடைசியில் கணக்குதான்.

கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டார்: "அங்கிள், நாம பத்துப் பேர் ஏரியில எண்ணி என்ன ஆகப்போகுது?"

நியாயமான கேள்வி. ஒரு நாள் எண்ணினால் ஒன்றும் ஆகாது. பத்து ஆண்டு தொடர்ந்து எண்ணினால் அது இந்த ஏரியின் பேரேடு. அடுத்த கசிவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகு முந்தைய ஆண்டின் எண்ணிக்கையை எழுத முடியாது. எழுத வேண்டியதை இப்போதே எழுதி வைத்தால், அன்று யாராவது ஒருவர் நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ எடுத்து நீட்ட ஒரு தாளாவது இருக்கும்.

வருகிற பொங்கல் விடுமுறையில் நான்கு நாளும் காலை 6.30 மணிக்கு ஏரிக்கரை கேட் அருகே கூடலாம் என்று செயலாளர் சம்மதித்திருக்கிறார். தொப்பி, தண்ணீர் பாட்டில், ஒரு சிறு நோட்டு கொண்டுவாருங்கள். பைனாகுலர் இருப்பவர்கள் மற்றவர்களுக்கும் கொடுத்து உதவலாம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் சங்க அலுவலகத்தில் இருக்கும் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். இதுவரை ஏழு பெயர்கள் சேர்ந்துள்ளன.